ஏழு சென்டிமீட்டர்

அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கீழ வைங்க மேடம். வச்சுட்டு உக்காருங்க. ஃபேன் வேணும்னா போட்டுக்கோங்க, ரெண்டாவது சுவிட்சு. நீங்க இந்தக் காலேஜுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசுறது இன்னைக்குத்தான். அதுவும் நான் ரிடையர் ஆகிற அன்னைக்கு. நாலு மணிக்குக் கீழ ஹால்ல மாலை, சால்வை, அப்புறம் வடையும் டீயும். அதுக்குள்ள நீங்க இந்த லேப்பை என்கிட்ட இருந்து பொறுப்பு எடுத்தாகணும். ரெஜிஸ்டர்ல மொத்தம் நூத்தி எம்பத்திரெண்டு சாமான். நூத்தி எம்பத்தொண்ணுக்கு டிக் அடிச்சுட்டீங்க. கடைசி ஒண்ணுல வந்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்துட்டீங்க.

ஏன் திறந்தீங்க? கோபமா கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். பெட்டி மேல மஞ்சப் பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கு. ரெஜிஸ்டர்லயும் அதே நம்பர். வருஷா வருஷம் ஸ்டாக் எடுக்க வர்றவங்க வாசல்லயே நின்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க, சில பேரு செருப்பைக்கூடக் கழத்த மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் திறந்து பாத்து, உள்ள இருக்கிற கண்ணாடியில ஒரு நம்பர் இருக்கு, நன்கொடைக் கடுதாசியில வேற நம்பர் இருக்குன்னு சொல்றீங்க. வாஸ்தவம். ஒண்ணா இருக்காது. ஏன்னு சொல்றேன். சொல்லி முடிச்சதும் கையெழுத்துப் போட்டுடுங்க. போடுவீங்க, எனக்குத் தெரியும்.

நீங்க எலக்ட்ரானிக்ஸ் பக்கம், ஒளியியல் விட்டுப்போச்சுன்னு அன்னைக்குச் சொன்னீங்க. அதனால முதல்ல இருந்தே சொல்றேன். இந்தக் கண்ணாடிக்குள்ள திரவப் படிகம் இருக்கு. லட்சக்கணக்குல குட்டிக் குட்டிக் கட்டம். கம்ப்யூட்டர்ல இருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் துளி மின்சாரம் குடுத்தா, உள்ள போற வெளிச்சம் எந்தத் திசையில அதிருதோ அதை அது திருப்பிவிடும். இந்தப் பக்கம் லேசர், அந்தப் பக்கம் சுவர். கம்ப்யூட்டர்ல கோடு கோடா ஒரு படம் போட்டீங்கன்னா சுவர்ல ஒரு வெளிச்சப் புள்ளி மூணாப் பிரியும். கோட்டை நெருக்கினா புள்ளி விலகும். வட்டம் வட்டமா போட்டா லென்சு வச்ச மாதிரி குவியும். போர்டுல அம்புக்குறி போட்டு இருபது வருஷமா நான் சொல்லிக் குடுத்ததை, பிள்ளைங்க மவுசைத் தள்ளிச் சுவர்ல பாத்தாங்க. முதல் நாள் ஒரு பையன் சுவர்ல போய்த் தொட்டுப் பாத்தான் மேடம். இந்த மாவட்டத்துலயே பிள்ளைங்க கையில இந்தக் கருவியைக் குடுத்த முதல் ஆள் நான்தான். பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல கழிச்சுக் கட்டப்போறாங்கன்னு கேள்விப்பட்டு, கடுதாசி மேல கடுதாசி போட்டு, மடியில வச்சு ரயில்ல கொண்டுவந்தேன். அதுக்குத்தான் அந்தச் செவுத்துல மாட்டியிருக்கிற நல்லாசிரியர் ஃபோட்டோ. இப்ப அதைப் பாக்க வேண்டாம்.

இதுல முதல் பரிசோதனை ரொம்ப எளுசு. படம் எதுவும் போட வேண்டாம். கட்டங்கள் இருக்கிறதாலயே சுவர்ல புள்ளிகள் வரிசையா விழும். ரெண்டு புள்ளிக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு ஸ்கேல் வச்சு அளந்தா கட்டத்தோட அகலம் கணக்குல வந்துடும். கட்டம் சின்னதா இருந்தா புள்ளி தள்ளித் தள்ளி விழும், பெருசா இருந்தா நெருங்கி விழும். பெங்களூர்க் கண்ணாடிக்கு, நம்ம மேஜையில இருந்து அந்தச் சுவருக்கு, அஞ்சு சென்டிமீட்டர். ஒரு மில்லி முன்னப் பின்ன இருக்கும். அப்படித்தான் நான் லேப் மேனுவல்ல அச்சடிச்சேன். கட்டம் இருபத்தாறு மைக்ரான்னு விடையும் போட்டேன்.

அப்புறம் கமிட்டி வந்தது. காலேஜுக்குத் தரம் போட வர்றவங்க. பதினாலு வருஷத்துக்கு முன்னால, ஒரு கார்த்திகை மாசம். அப்ப ஹெச்.ஓ.டி. சம்மனசு சார். ரொம்பக் கண்டிப்பு, சாக்பீஸ் உடைஞ்சாக்கூட விளக்கம் எழுதிக் குடுக்கணும். அவர் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தார், கமிட்டி முதல்ல பாக்கப்போறது ஆவுடையப்பனோட கருவியைத்தான்னு. நான் முந்தின நாள் மத்தியானம் தனியா உக்காந்து கண்ணாடியைத் துடைச்சேன். வெறும் துணியில துடைச்சிருக்கலாம். இன்னும் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு அசிட்டோன் தொட்டுத் துடைச்சேன். ஓரத்துல இருந்த பசை இளகி, உள்ள இருந்த படிகம் கசிஞ்சு, மை கொட்டின மாதிரி ஒரு கறுப்பு மூலையில இருந்து நடுவுக்கு வந்துச்சு. எம்.எஸ்ஸி. பிள்ளைங்களுக்கு முதல் வகுப்புல நான் சொல்றதே அதைத்தான், இந்தக் கண்ணாடிகிட்ட அசிட்டோனைக் கொண்டு போகாதீங்கன்னு.

அன்னைக்கே மதுரைக்கு பஸ் ஏறினேன். புரொஜெக்டர் ரிப்பேர்க் கடையில சொந்தக் காசு குடுத்து ஒரு பழைய புரொஜெக்டரை வாங்கி, அதுக்குள்ள இருந்த கண்ணாடியையும் சர்க்யூட்டையும் உருவி, நம்ம பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டேன். பெட்டி அதே பெட்டி. கமிட்டி வந்துச்சு, பாத்துச்சு, கை தட்டுச்சு. திருட்டு இல்லையே மேடம் இது. காலேஜுக்கு நஷ்டம் உண்டா? ஒரு நயா பைசா இல்ல. நான் யாருக்கும் கெடுதல் நினைச்சவன் இல்ல.

ஒண்ணே ஒண்ணுதான். புதுக் கண்ணாடியில கட்டம் சின்னது. பதினெட்டு மைக்ரான். அஞ்சு சென்டிமீட்டர் விழுந்த இடத்துல ஏழு விழுந்துச்சு.

மேனுவலை மாத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. மாத்தினா ஏன் மாத்தினேன்னு சம்மனசு சார் கேப்பார். சரி, அடுத்த வருஷம் மாத்திக்குவோம்னு விட்டேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்ல. அதுவும் போக, நம்ம லேப்ல ஒரு வழக்கம் உண்டு. நீங்க படிச்ச இடத்துலயும் இருந்திருக்கும். ரீடிங்கை முதல்ல பென்சில்ல எழுதணும். அப்புறம் போன வருஷத்து சீனியர் ரெக்கார்டை எடுத்து ஒத்துப் பாக்கணும். ஒத்துவந்தா பென்சில் மேலயே பேனா. ஒத்துவரலேன்னா ரப்பர். யார் ஆரம்பிச்சதுன்னு தெரியல, நானும் அப்படித்தான் படிச்சேன். அதனால பாருங்க, அந்த வருஷம் இருபத்துமூணு பிள்ளைங்க சுவர்ல ஏழைப் பாத்துட்டு நோட்டுல அஞ்சுன்னு எழுதுனாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

இருபத்துநாலாவது பிள்ள சண்முகக்கனி.

கழுகுமலையில இருந்து முதல் பஸ்ல வருவா. அம்மா தீப்பெட்டி ஆபீசுல வேலை. வகுப்புல பேசவே மாட்டா, லேப்புக்குள்ள வந்தா மட்டும் ஆள் வேற. அவ பென்சிலே வச்சுக்க மாட்டா மேடம். நேரா பேனாதான். நான் ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தேன். பாத்ததை எழுதுறதுக்கு எதுக்கு சார் பென்சில்னு கேட்டா. துடுக்குத்தனமா கேக்கல, நிஜமாவே அவளுக்குப் புரியல. அவ நோட்டைக் கொண்டுவந்து நீட்டுறா, பேனாவுல, ஏழு சென்டிமீட்டர். சுவருக்கு உள்ள தூரத்தைத் தப்பா வச்சிருப்ப, போய்ப் பாருன்னு திருப்பி அனுப்புனேன். டேப் வச்சு அளந்துட்டு வந்தா, ஏழு. லேசரைக் கோணலா வச்சிருப்ப, சரி பண்ணுன்னு அனுப்புனேன். மறுபடியும் ஏழு. மூணாவது தடவை ஒரு மணி நேரம் உக்காந்து அளந்தா. சாப்பிடக்கூடப் போகல. நான் அந்த மேஜையில உக்காந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன்.

கடைசியில, மேனுவல்ல உள்ளதை எழுதினாத்தான் ரெக்கார்டுல கையெழுத்துன்னு சொல்லிட்டேன். கையெழுத்து இல்லாட்டிப் பரீட்சைக்கு உக்கார முடியாதே. எழுதிட்டு வந்தா. முகத்தைப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். அவ அதோட விட்டிருக்கலாம். அதைத்தான் நான் சொல்றேன். அவ கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஏப்ரல்ல பிராக்டிகல். எந்தப் பரிசோதனைன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்லுவோம் இல்லையா, அவ கைக்கு இதுதான் வந்துச்சு. நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன், இந்தப் பிள்ள அஞ்சுன்னு எழுதிடணும்னு. வெளியூர்ல இருந்து வந்த எக்ஸ்டர்னல் வயசானவர், தலைவலி வேற. அவங்க பரிசோதனையைச் செஞ்சு பாக்க மாட்டாங்க. நாம ஒரு துண்டுச் சீட்டுல விடையெல்லாம் எழுதிக் குடுப்போம், அதை வச்சுத் திருத்துவாங்க. அந்தச் சீட்டை எழுதினது நான். இருபத்தாறுன்னு எழுதினேன். அவ பேப்பர்ல பதினெட்டு. ஏழு சென்டிமீட்டர், பேனாவுல, அடிக்கோடு வேற போட்டிருந்தா.

எக்ஸ்டர்னல் அவளைக் கூப்பிட்டு, ஏம்மா இவ்வளவு வித்தியாசம் வருதேன்னு கேட்டார். அவ சொன்னா, "சார், நீங்களே வந்து ஒருதடவை அளந்து பாருங்க சார்."

அவருக்குச் சுருக்குன்னு ஆகிடுச்சு. என் பக்கம் திரும்பி, என்ன சார் இந்தப் பிள்ள இப்படின்னு கேட்டார். லேசர் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. சுவர்ல புள்ளி இருக்கு. ஸ்கேல் அவ கையில இருக்கு. நாலு எட்டு வச்சா சுவர். நான் எந்திரிச்சுப் போய், ஆமா சார், ஏழுதான் சார்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. அவ என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. சார் சொல்லிடுவாருன்னு அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் சொன்னேன், "கொஞ்சம் அவசரக்காரி சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. திட்டல, மார்க்கைக் குறைங்கன்னு சொல்லல. கொஞ்சம் அவசரக்காரி, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் சாப்பிடாம உக்காந்து அளந்த பிள்ளையை.

நூத்துக்கு நாப்பத்தொம்பது போட்டார். பெங்களூர்ல அதே ஆராய்ச்சி நிலையத்துல அவளுக்கு இடம் சொல்லியிருந்தாங்க மேடம், இண்டர்வியூ முடிஞ்சு. எழுபத்தஞ்சு சதவீதம் வந்தா சேந்துக்கலாம்னு லெட்டர் வந்திருந்துச்சு. சிபாரிசுக் கடுதாசி நான் குடுத்தது. கூர்மையான கண்ணு, பொறுமையான கைன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தேன். ரிசல்ட் வந்தப்ப எழுபத்திநாலு சொச்சம்.

மார்க் ஷீட் வாங்கின அன்னைக்கு இங்க வந்தா. அந்த வாசல்ல நின்னா. அழல. ஒரே ஒரு தடவை அளந்து பாத்துட்டுப் போறேன் சார், எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சா போதும்னு கேட்டா. நான் கருவி சர்வீசுக்குப் போயிருக்குன்னு சொன்னேன். இந்த பீரோக்குள்ளதான் இருந்துச்சு. சாவி என் சட்டைப் பையில. அவ "நான்தான் சார் தப்பா அளந்திருப்பேன்"னு சொல்லிட்டுப் போனா.

அதுக்கப்புறம் எத்தனையோ பேட்ச் வந்துச்சு, போச்சு. எல்லாரும் ஏழைப் பாத்து அஞ்சுன்னு எழுதுனாங்க. யாருக்கும் ஒரு குறையும் வரல. நாலு ஊர்ல ஆசிரியர்களுக்கு இதைச் செஞ்சு காட்டினேன். அங்க எல்லாம் கோடு போட்டு, வட்டம் போட்டுக் காட்டுவேன், இந்த முதல் பரிசோதனையை மட்டும் தாண்டிப் போயிடுவேன். நேரம் இல்லைன்னு சொல்லிக்குவேன்.

இதெல்லாம் மறந்துபோச்சுன்னுதான் நினைச்சேன். போன மாசம் கழுகுமலையில ஒரு கல்யாணம். பந்தியில இருந்து எந்திரிச்சு வர்றேன், ஒரு பொம்பளைப் பிள்ள கையில குழந்தையோட, சார்னு கூப்பிடுது. கண்ணாடி போட்டிருக்கா, எனக்கு அடையாளம் தெரியல. அப்புறம் தெரிஞ்சுச்சு. அங்க ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சராம். பெங்களூர் விட்டுப்போன பிறகு மேல எதுவும் படிக்கலையாம், இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு சார்னு சொன்னா. எனக்குக் கை கழுவவும் தோணல, எச்சிக் கையோட நின்னுக்கிட்டு இருந்தேன்.

அவ என்ன சொன்னான்னு கேளுங்க. "நீங்க பென்சில்ல எழுதுன்னு சொன்னது அப்பப் புரியல சார். இப்ப என் பிள்ளைங்களுக்கு நான் அதைத்தான் சொல்லிக் குடுக்கேன். முதல்ல பென்சில்ல எழுது, புத்தகத்துல உள்ளதோட ஒத்துப் பாரு, வரலேன்னா அழிச்சிடு. நம்ம கண்ணை நம்பி நான் கெட்ட மாதிரி அதுக கெட்டுறக் கூடாதுல்ல சார்."

சிரிச்சுக்கிட்டே சொன்னா மேடம். குத்திக் காட்டல. நன்றி சொல்றா. குழந்தையை விட்டு எனக்கு வணக்கம் சொல்லச் சொன்னா. அந்த இடத்துலயாவது நான் சொல்லியிருக்கலாம். கல்யாண வீடு, மேளச் சத்தம், எப்படிச் சொல்றதுன்னு நினைச்சேன். நம்பரைக் குடுத்தா, வாங்கிக்கிட்டேன். ஒரு மாசமா தினம் அந்த நம்பரை எடுத்துப் பாக்கிறேன், வைக்கிறேன். நான் செஞ்சது பாவம், அது எனக்குத் தெரியும்.

சரி. சொல்லிட்டேன். இப்ப நீங்க என்ன பண்றீங்கன்னா, அந்தக் கடைசி வரியில 'சரியாக உள்ளது'ன்னு எழுதி ஒரு கையெழுத்து. நீங்க பாத்ததை எழுதினா விசாரணை, விளக்கம், நோ டியூ சர்ட்டிபிகேட் நிக்கும், பென்ஷன் ஃபைல் நிக்கும். உங்களுக்கும் வேலை நிரந்தரம் ஆகலை, வம்பு எதுக்கு? கருவி ஓடுது. பெட்டி இருக்கு. நம்பர் இருக்கு. வேணும்னா இப்போதைக்குப் பென்சில்ல எழுதிக்கோங்க, அப்புறமா...

எங்க எந்திரிச்சுட்டீங்க?

மேடம், லேசர் சுவிட்சு அது இல்ல. பக்கத்துல, சிவப்பு. மணி மூணே முக்கால், கீழ மைக் டெஸ்ட் பண்றாங்க, கேக்குதா? இப்ப போய் இதை எதுக்கு... சொன்னாக் கேளுங்க. நான்தான் ஏழுன்னு சொல்லிட்டேனே. என் வார்த்தை போதாதா?

போதாது. சரி. போதாதுதான்.

ட்யூப்லைட் எரிஞ்சா புள்ளி மங்கலாத் தெரியும். இருங்க, நான் அணைக்கிறேன். அந்த ஜன்னலைச் சாத்துங்க. இப்பப் பாருங்க. வரிசையா விழுதா? ஸ்கேல் மேல் டிராயர்ல இருக்கு, பெரிய ஸ்கேலா எடுங்க. நடுவுல உள்ளதுல இருந்து அளக்காதீங்க, அது வீங்கித் தெரியும். இந்தப் பக்கம் மூணாவதுல இருந்து அந்தப் பக்கம் மூணாவது வரைக்கும் அளந்து, ஆறால வகுங்க. அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். அவளும் அப்படித்தான் அளந்தா.

எவ்வளவு? சத்தமா சொல்லுங்க, மைக் சத்தத்துல கேக்கல.

நாப்பத்திரெண்டு.

இருங்க மேடம், பென்சிலை எடுக்காதீங்க. அது நான் பழக்க தோஷத்துல ரெஜிஸ்டர் மேல வச்சது. இந்தாங்க, என் பேனா. கண்ணாடி நம்பர் என்ன இருக்கோ அதை எழுதுங்க. மாத்தினது ஆவுடையப்பன்னு எழுதுங்க. கீழ இருந்து ஆள் வந்து கூப்பிட்டா, வர்றேன்னு சொல்லுங்க, மாலை எங்கயும் போயிடாது. அப்புறம் அளவு. ஏழு சென்டிமீட்டர். அளந்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கா? அதுல உங்க பேரைப் போடாதீங்க, நீங்க ரெண்டாவது ஆள். சண்முகக்கனின்னு எழுதுங்க. எழுதிட்டு நோட்டைக் குடுங்க, நான் ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பணும்.